அவன் நெஞ்சில் ஏன் துடிக்கவில்லை?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி பிக்கப் வேன் ஓட்டுநர். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருவான். போன மழைக்காலத்தில் குஞ்சப்பனை அருகே வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. கோவையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தான். நான்காம் நாள் மூளைச்சாவாக இருக்கலாம் என்றார்கள். நாங்களே முன்வந்து உறுப்புகளைத் தருகிறோம் என்று சொன்னோம். சோதனை செய்த பிறகு, ஒரு மூச்சு எடுத்துவிட்டான், மூளைச்சாவு என்று அறிவிக்க முடியாது என்றார்கள். பிறகு சளி பிடித்து, காய்ச்சல் வந்து, பிரஷர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒன்பதாம் நாள் இரவு இதயம் நின்றது. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தியும் வரவில்லை. கண்களை மட்டும் கொடுத்தோம். சமீபத்தில், வெளிநாடுகளில் இதயம் நின்று இறந்தவர்களின் இதயத்தையே எடுத்து மறுபடி துடிக்கவைத்துப் பொருத்துகிறார்கள் என்று படித்தேன். தம்பியின் இதயத்தையும் அப்படிக் கொடுத்திருக்க முடியுமா? மருத்துவமனை எங்களை ஏமாற்றியதா? நான் என் இதயத்தை அப்படி எழுதிவைக்கலாமா? படித்ததை அம்மாவிடம் சொன்னது தப்பாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தேயிலை பறித்தவர். "நின்றுபோன இதயம் யாரோ ஒருவர் நெஞ்சில் துடிக்கும் என்றால், என் பிள்ளை நெஞ்சில் ஏன் துடிக்கவில்லை?" என்று தினமும் கேட்கிறார். என்ன சொல்வது?

— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. அம்மா கேட்டதுதான் கடினம். முப்பது ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உறுப்பு மாற்று மாநாடுகளில் பெரிய பெரிய நிபுணர்கள் மேடையில் சண்டை போட்டுக்கொள்வது இதே கேள்விக்காகத்தான். அவர்கள் நாற்பது படங்கள் போட்டுக் கேட்பதை அம்மா ஒரு வரியில் கேட்டுவிட்டார். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஒரு மூச்சு.

மூளைச்சாவுச் சோதனையின் கடைசிப் பகுதி அது. அதற்கு முன்பே கண்ணில் வெளிச்சம் அடித்திருப்பார்கள், கருவிழியைப் பஞ்சால் தொட்டிருப்பார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விட்டிருப்பார்கள், தொண்டைக்குள் குழாயை விட்டு இருமல் வருகிறதா என்று பார்த்திருப்பார்கள். எதற்கும் அசைவில்லை என்றால்தான் இந்தக் கட்டம். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் விடுவோம். மூச்சு இல்லாததால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அது 60 என்ற அளவைத் தாண்டும்போது, மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு உயிரோடு இருந்தால் சும்மா இருக்காது. மூச்சு எடு என்று கத்தும். எட்டு முதல் பத்து நிமிடம் வரை ஆகும். போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டு, ஐந்தாறு பேர் பேச்சில்லாமல் ஒரு நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்போம். நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றிருப்பது பாதியில்தான் தெரியவரும்.

உங்கள் தம்பியின் நெஞ்சு ஒரு முறை உயர்ந்திருக்கிறது. அந்த ஒரு அசைவை யாரும் பார்க்காததுபோல் இருந்திருந்தால், அன்றைக்கே இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள் எல்லாம் போயிருக்கும். குடும்பமோ சம்மதம் சொல்லிவிட்டது. அந்த நிலையிலும் மருத்துவர்கள், இல்லை, இவர் இறக்கவில்லை என்று சொல்லி வென்டிலேட்டரை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். ஏமாற்றினார்களா என்று கேட்கிறீர்கள். உறுப்புக்காக ஆளை முடித்துவிடுவார்கள் என்று ஊரில் டீக்கடை தோறும் பேச்சு இருக்கிறதே, அதற்கு நேர்மாறான காரியம் உங்கள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, இரண்டு முறையும் அசைவே இல்லை என்றால்தான் மூளைச்சாவு. இதயத்தை எடுத்துப் பொருத்தும் அணியில் இருப்பவர் எவரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. அந்த விதிகளைப் போட்டது உங்கள் தம்பியின் அந்த ஒரு மூச்சுக்காகத்தான்.

இனி அம்மாவின் கேள்வி. அவருக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் இலை தெரியும். அதனால் இலையை வைத்தே சொல்லுங்கள்.

பறித்த இலை அந்த நொடியே செத்துவிடுவதில்லை. சாக்குக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அமுக்கிக் கட்டி எடை போடும் இடத்தில் வெயிலில் போட்டுவிட்டால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்தால் கொதிக்கும். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் நடுவில் சிவந்துபோயிருக்கும். அதே இலையை நேரத்தோடு ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், வாடவைக்கும் தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டால், ராத்திரி முழுக்கக் கெடாமல் கிடக்கும். இரண்டும் ஒரே செடியின் இலைகள். செடியைவிட்டுப் பிரிந்த பிறகு ஒன்று சாக்கில் கிடந்தது, இன்னொன்றுக்குக் காற்று கிடைத்தது.

இதயமும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குத் துடிக்கச் சொல்ல மூளை தேவையில்லை. அதன் மேல் அறையில் இருக்கும் ஒரு சின்னத் திசுக்கூட்டமே மின்துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும். உடம்பைவிட்டு வெளியே எடுத்த பிறகும் சுத்தமான ரத்தமும் ஆக்சிஜனும் கொடுத்தால் துடிக்கும். ரத்தம் நின்றுபோன சூடான உடம்புக்குள் கிடந்தால் நிமிடத்துக்கு நிமிடம் கெடும். வெளிநாட்டில் செய்வதெல்லாம், சாக்கில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து, காற்றுத் தொட்டிக்குச் சீக்கிரம் கொண்டுபோவதுதான்.

உங்கள் தம்பியின் இதயம் தன் குறையால் நிற்கவில்லை. அடிபட்டது மூளை. மூளை தன் பிடியை விட்ட பிறகு ரத்தக் குழாய்கள் தளர்ந்தன. நுரையீரலில் கிருமி இறங்கியது. பிரஷர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது நாள் அந்த இதயம் தனியாளாக இழுத்திருக்கிறது. கடைசி நாளில் அதற்குக் கிடைத்த ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம். அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினார்கள் என்றால், அதே கெட்ட ரத்தத்தைத்தான் அதற்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். கையில் வேறு ரத்தம் இல்லை. எப்படியோ மறுபடி துடிக்கவைத்திருந்தாலும், அதே நுரையீரல், அதே தளர்ந்த குழாய்கள், அதே மூளை. சிறிது நேரத்தில் மறுபடி நின்றிருக்கும். வேறொருவர் நெஞ்சில் பொருத்தினால் அது துடிப்பதற்குக் காரணம், அங்கே நல்ல நுரையீரல் இருக்கிறது, நல்ல மூளை இருக்கிறது, இதயம் ஒன்றுதான் இல்லை. உங்கள் தம்பிக்கு இதயம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அம்மாவிடம் இதை ஒரே நாளில் சொல்லி முடிக்காதீர்கள். மறுபடி கேட்பார், மறுபடியும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விவரமாகத் தெரிந்தால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் விளங்கும். இதில் ஒரு வேடிக்கை. இந்த முறை புதிது என்று செய்தியில் எழுதுகிறார்கள். இதய மாற்று சிகிச்சை பிறந்ததே இப்படித்தான். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதயத்தை மாற்றியபோது மூளைச்சாவு என்ற சட்டமே எங்கும் இல்லை. காரில் அடிபட்ட ஓர் இளம்பெண்ணின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தி, இதயம் நின்ற பிறகு எடுத்ததாகத்தான் அன்றைய குறிப்பு. பெற்றுக்கொண்டவர் 18 நாள் வாழ்ந்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவுக்கு வரையறை கொடுத்தது. துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஐஸில் வைத்துக் கொண்டுபோகலாம் என்றானதும், நின்ற இதயத்தை எல்லோரும் கைவிட்டார்கள். இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது 1994இல். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் நாட்டின் முதல் இதய மாற்று சிகிச்சையைச் செய்தார்கள். அது மூளைச்சாவு வழி. 2008இல் சென்னையில் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினோரு நிமிடத்தில் போனதே, அதுவும் மூளைச்சாவு வழிதான்.

நின்ற இதயத்துக்குப் பெரியவர்களிடையே மறுபடி கதவு திறந்தது 2014இல், சிட்னியின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம்.

அங்கே நடப்பது இது. நோயாளி மூளைச்சாவு அடைந்திருக்க மாட்டார்; உங்கள் தம்பியைப்போல் ஒரு மூச்சு, ஒரு இருமல் மிச்சம் இருக்கும். ஆனால் மீள வழியில்லை என்று மருத்துவர்களும் குடும்பமும் தனியாகப் பேசி, கருவிகளை விலக்கிவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு ஆன பிறகுதான் உறுப்பு தானம் பற்றிய பேச்சே எழ வேண்டும் என்பது விதி. குறித்த நேரத்தில் குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, சுவாசக் குழாயை எடுக்கிறார்கள். பிரஷர் இறங்குகிறது. மேல் அளவு 50க்குக் கீழே போனதும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்; அதிலிருந்து ஏறக்குறைய 30 நிமிடத்துக்குள் இதயத்துக்கு மறுபடி ரத்தமோ குளிர்ந்த பாதுகாப்புத் திரவமோ போய்ச் சேர வேண்டும். இதயம் நிற்கிறது. உடனே யாரும் தொடுவதில்லை. இங்கிலாந்தில் ஐந்து நிமிடம் கைகட்டி நிற்க வேண்டும். இத்தாலியில் 20 நிமிடம். தானாக ஒரு துடிப்பு திரும்பினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதன் பிறகே இறந்துவிட்டார் என்று எழுதி, அறுவை அறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இதயத்தை எடுத்ததும் ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். கொடுத்தவரின் ரத்தத்திலேயே ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றி இதயத்தின் தமனிகளுக்குள் ஓடவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் பயிற்சிக்காக வெளிநாட்டில் இருந்தபோது ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஈரத் துணி மடித்து வைத்ததுபோல் சோர்ந்து கிடந்தது. பிறகு ஓரத்தில் ஒரு நெளிவு, கொதி வரப்போகும் பாலின் மேல் ஆடை அசைவதுபோல். அதன் பிறகு ஒழுங்கில்லாத நடுக்கம். ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். டக் என்று ஒரு துடிப்பு, நின்று, இன்னொன்று. அரை நிமிடத்தில் சீராக ஓடியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அதற்குள் ரத்தத்தில் லாக்டேட் அளவு பார்க்கப் போய்விட்டார். அது குறைந்தால்தான் இதயம் தேறும். எனக்குத்தான் நகர முடியவில்லை. அன்றைக்கு எனக்கும் உங்கள் அம்மாவின் கேள்விதான் எழுந்தது: இது இப்படி ஓடுகிறதே, அப்படியென்றால் அவர் இறந்தாரா?

இறந்துவிட்டார் என்றுதான் சொல்வேன். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு இதயம் தானாகத் திரும்பாது. திருப்ப நாமும் முயலப்போவதில்லை. முயல வேண்டாம் என்று முன்பே முடிவாகிவிட்டது. இதயம் நின்ற சில நொடிகளில் நினைவு போய்விடும். ரத்தம் மறுபடி போகாத மூளை சில நிமிடங்களில் அழிந்துவிடும். போனவர் அந்த மூளையோடு போகிறார். பெட்டிக்குள் துடிப்பது ஒரு தசை, அதற்குப் பெயரில்லை. திரும்பாது என்பதையும் திருப்பப்போவதில்லை என்பதையும் ஒன்றாக எண்ணலாமா என்று கேட்கும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் மூடர்கள் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு முறை எனக்கே கொஞ்சம் சங்கடம் தருவது. பெட்டிக்குப் பதிலாக, இறந்தவரின் உடம்புக்குள்ளேயே இயந்திரத்தின் உதவியோடு ரத்தத்தை ஓடவிட்டு இதயத்தை அங்கேயே துடிக்கவைக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் போய்விடக் கூடாதென்று அங்கே செல்லும் குழாய்களை முன்னதாகவே கட்டிவிடுகிறார்கள். செலவு குறைவு, பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரத்த ஓட்டம் நின்றதால் இறந்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த நிமிடம் ஓட்டத்தைத் திருப்பினால், எழுதிய காகிதத்துக்கு என்ன பொருள்? அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2021இல், இதைச் சற்று நிறுத்திவைத்து யோசிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. நம் ஊருக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு முறை வரும்போது, இது வேண்டாம், பெட்டியே போதும் என்பதுதான் என் கட்சி. சந்தேகம் ஏற்கெனவே மலையளவு இருக்கும் இடத்தில் விளக்கக் கடினமான காரியத்தோடு தொடங்கக் கூடாது.

பலன் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நின்ற இதயம் பெற்றவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஆறு மாதம் கடந்தார்கள். மூளைச்சாவு இதயம் பெற்றவர்களில் 90. நோயின் தீவிரத்தைச் சமன்செய்து எடுத்த கணக்கு அது. முதல் சில நாள் புதிய இதயம் தள்ளாடுவது இந்த வகையில் சற்று அதிகம். தாண்டிவிட்டால் வித்தியாசம் இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இத்தனை வசதியும் கோவையில் இருந்திருந்தால், தம்பியின் இதயத்தைக் கொடுத்திருக்க முடியுமா? ஒன்பதாம் நாள் இரவு நடந்ததுபோல் நடந்திருந்தால், எந்த நாட்டிலும் முடியாது. அது எதிர்பாராமல் நின்றது; முன்பாகப் பல மணி நேரம் பிரஷர் இறங்கிக் கிடந்தது; அரை மணி நேரம் அழுத்தியும் ஆயிற்று. இலை சிவந்துவிட்டது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காய்ச்சல் வருவதற்கு முன்பு, கருவிகளை விலக்கலாம் என்று நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிவு எடுத்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அப்போதும் உறுதி இல்லை. கருவியை விலக்கிய பிறகு சிலர் மணிக்கணக்காக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். நேரம் கடந்துவிட்டால் தானத்தைக் கைவிட்டு, அவரை அமைதியாகப் போகவிடுவார்கள். அதுவும் போக, அந்த நான்காம் நாளில் அம்மாவிடம் போய், ஒரு மூச்சு எடுத்தான், ஆனாலும் விட்டுவிடலாம் என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா? என்னால் முடிந்திருக்காது.

இந்தியச் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம், இறந்தவர் என்பதற்கு வரையறை கொடுக்கும்போதே, மூளைத்தண்டுச் சாவு வழியாகவோ இதயமும் சுவாசமும் நின்ற வழியாகவோ என்று இரண்டையும் சொல்கிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இந்த இரண்டாம் வழியில் சிறுநீரகங்களைத் தானமாகப் பெற்றுப் பொருத்தியிருக்கிறார்கள். இதயத்துக்கு மட்டும் கதை வேறு. பெட்டி வேண்டும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பாகங்களுக்கே பல லட்சம் ஆகும். அதைவிடப் பெரிய தடை, கருவியை விலக்கும் முடிவை முறைப்படி எடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாதது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அதற்கு வழி சொன்னது. 2023 ஜனவரியில் அந்த வழியை எளிதாக்கியது. மருத்துவமனைக்குள் ஒரு மருத்துவக் குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இன்னொரு குழு, குடும்பத்தின் சம்மதம், பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அவ்வளவுதான். ஆனாலும் பல மருத்துவமனைகள் இன்னும் தயங்குகின்றன. வம்பு எதற்கு என்ற எண்ணம்.

அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? நீலகிரிக்காரர்களான நமக்கு இது நன்றாகவே தெரியும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்பார்கள். குடும்பமும் உயிர் வீட்டில் பிரியட்டும் என்று கையெழுத்துப் போடும். இரவு பத்து மணிக்கு மேட்டுப்பாளையம் தாண்டி ஆம்புலன்ஸ் மலை ஏறும். பின்னால் இருபது வயதுப் பையன் ஒருவன் ரப்பர் பலூனை அமுக்கி அமுக்கி மூச்சைக் கொடுத்துக்கொண்டே வருவான். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அமுக்குவான். யானை நின்றால் அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டே நிற்பான். வீட்டு வாசலில் இறக்கி, உறவினர் வாயில் பால் ஊற்றிய பிறகு, குழாயை உருவிவிடுவான். என் சொந்த ஊரான குன்னூரில், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்படித்தான் நடந்தது. டாக்டரான நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கருவியை விலக்குவதை நாம் செய்யாமலில்லை. மருத்துவக் குழு இல்லாமல், வலி மருந்து இல்லாமல், அந்தப் பையன் தலையில் பாரத்தைப் போட்டுச் செய்கிறோம். அங்கே தானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விஷயத்தில் நம் துறையின் மேல் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் தம்பியைப் பார்த்த மருத்துவர்கள் மேல் இல்லை.

உங்கள் இதயத்தை எழுதிவைக்கலாமா என்பதற்கு வருகிறேன். உறுப்பு தான உறுதிமொழியைத் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்துப் பதியலாம். டிரான்ஸ்டான் என்று அழைக்கப்படும் நம் மாநில ஆணையத்தின் வழியாகவும் செய்யலாம். எந்த வழியில் இறந்தால் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் இதய தானம் வழக்கமாக மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் நடக்கிறது. நாளை மாறினால் உங்கள் சம்மதம் அதற்கும் பொருந்தும். ஆனால் அட்டை பையில் இருந்தாலும் கடைசியில் மருத்துவமனை கேட்பது வீட்டாரைத்தான். கணவரும் பிள்ளைகளும் வேண்டாம் என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். அதனால் அட்டையை வாங்கியதும் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசிவிடுங்கள். உயிர்காக்கும் கருவிகள் எதுவரை என்பதையும் எழுதிவைக்க விரும்பினால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியர்களின் சான்றொப்பத்துக்காக அலைந்த அனுபவம் இருக்கும். இது அதைவிடக் கடினமில்லை.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டில் மாரடைப்பால் இறப்பவரின் இதயத்தை இந்த முறையில் எடுக்க முடியாது. ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கோவைக்கு இறங்குவதற்குள் நேரம் போய்விடும் என்பதல்ல காரணம். நின்ற நிமிடத்தைக் கணக்கிட்டு அருகிலேயே அறுவை அறையும் ஆட்களும் தயாராக நிற்க வேண்டும். வீட்டில் இறப்பவர் தரக்கூடியது கண்கள். ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்பதால், உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் மலைக் குளிரில் விசிறிக்கு வேலை இல்லை என்பது வேறு.

கண்கள் என்றதும், கண்களை மட்டும் கொடுத்தோம் என்று நீங்கள் எழுதிய வரி நினைவுக்கு வருகிறது. அந்த 'மட்டும்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. பிரஷர் இறங்கிய உடம்பில், கிருமி ஏறிய உடம்பில், இதயமும் ஈரலும் போன பிறகும், கருவிழி பெரும்பாலும் தப்பித்துவிடும். அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. கண்களைப் பெற்றுக்கொண்டபோது கண் வங்கியில் ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். அதில் உள்ள எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். யாருக்குப் பொருத்தினார்கள் என்று பெயரோ ஊரோ சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. பொருத்தப்பட்டதா, ஒருவருக்கா, இருவருக்கா என்பதைக் கேட்கலாம். பதில் வந்தால் அம்மாவிடம் நீங்கள் படித்துக் காட்டுங்கள்.